கண் மூடும் பொம்மை

இந்த ஊரில் என் வயிற்றை யார் வேண்டுமானாலும் தொட்டார்கள். காலையில் பூக்கூடையோடு வாசலுக்கு வரும் கன்னியம்மா முதலில் முழம் அளப்பதில்லை. கூடையை இறக்கி வைத்து, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் சேலைக்கு மேல் உள்ளங்கையைப் பரப்பி வைப்பாள். சிறிது நேரம் அப்படியே நிற்பாள். "பொட்டப் புள்ளதான். எடது பக்கமா சாஞ்சிகினு கீது," என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் பூவை எடுப்பாள். தயிர்க்காரி தொடுவாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பித் தொடுவார்கள். கடைத்தெருவில் பெயர் தெரியாத ஒருத்தி புளி நிறுக்கும் தராசுக்கு மேலாகக் கையை நீட்டித் தொட்டாள். நான் ஒவ்வொரு முறையும் ஓர் அடி பின்வாங்குவேன். அதை அவர்கள் வெட்கம் என்று நினைத்துச் சிரிப்பார்கள். வெட்கமில்லை, கோபம்.

யாழ்ப்பாணத்தில் இதைப் படிக்கும் சகோதரிகளுக்கு என் கோபம் விளங்கும். நாங்கள் வேலிக்குள் வளர்ந்தவர்கள். கிடுகு வேலிக்கு உள்ளே வளவு, வளவுக்கு உள்ளே கிணறு, கிணற்றுக்கு அப்பால் வீடு. வயிறு தெரியத் தொடங்கிய பெண் வேலிக்கு வெளியே அதிகம் போவதில்லை. போனாலும் ஊரார் கண் வேறு பக்கம் திரும்பும். இங்கே வேலியே இல்லை. வீட்டுக் கதவைத் திறந்தால் தெருதான். தண்ணீர் தெருக்கிணற்றில். அங்கே வாளிக்காகக் காத்து நிற்கும்போது, நான் என்ன சாப்பிட்டேன், எப்போது வாந்தியெடுத்தேன், என் கணவர் எந்தப் பக்கம் படுக்கிறார் என்றெல்லாம் பேச்சு வரும். பூந்தமல்லி என்று இந்த ஊரைச் சொல்கிறார்கள். சுற்றிலும் பூந்தோட்டங்கள். கடல் இல்லை. காற்றில் உப்பு இல்லை. முதல் வருடம் முழுவதும் மூச்சை இழுத்தால் ஏதோ குறைவது போல இருந்தது.

என் கணவர் இந்த ஊர்க்காரர். எங்கள் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் சில வருடம் படிப்பிக்க வந்தார். அங்கேதான் எங்களுக்குக் கலியாணம் நடந்தது. மாமனார் இறந்ததும், தனித்துப்போன தாயாரைப் பார்த்துக்கொள்ள என்னையும் அழைத்துக்கொண்டு திரும்பினார். இரவுக் கப்பலும் ரயிலுமாக வந்து எழும்பூரில் இறங்கியபோது, நானும் தமிழச்சிதானே, தமிழ் பேசும் ஊருக்குத்தானே வருகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மாமியார் வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "மாமி, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்டேன். அவர் மகனைப் பார்த்து, "இன்னாடா சொல்லுது இது?" என்றார்.

முதல் பிள்ளையை அந்த வீட்டின் உள்ளறையில்தான் பெற்றேன். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போவது இரண்டு ஊரிலும் வழக்கம்தான். ஆனால் நடுவில் கடல் இருந்தது. "இந்த வயித்தோட கப்பல் ஏறுவியா? கப்பல் ஆடுனா புள்ள ஆடாதா?" என்று மாமியார் கேட்டார். அப்பாவோ படுத்த படுக்கை. அவரை விட்டு அம்மா வர முடியவில்லை. ஊர் மருத்துவச்சி வந்தாள். வலி நீண்டுகொண்டே போனது. கடைசியில் பிள்ளை பிறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். நான் அழுகைச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு துண்டில் எதையோ சுற்றி மாமியார் எடுத்துக்கொண்டு போவது தெரிந்தது. "ஒருக்கால் காட்டுங்கோ மாமி," என்றேன். "பாக்கக் கூடாது. பாத்தா அடுத்தது தங்காது," என்றார். ஆணா பெண்ணா என்று மட்டும் பிறகு சொன்னார். பையன். எங்கே புதைத்தார்கள் என்று சொல்லவில்லை. நான் அவனைக் குளிப்பாட்டவில்லை. அவனுக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை, அரைஞாண் கட்டவில்லை, பெயர் வைக்கவில்லை. இந்த ஊரில் இவை மூன்றும் இருந்தால்தான் பிள்ளை. இல்லாவிட்டால் அது துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று.

ஆகையால் இரண்டாவது தங்கியதும் எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. இந்தப் பிள்ளை அந்த உள்ளறையில் பிறக்கக் கூடாது.

கரையான்சாவடிக்குப் போகும் பெரிய சாலையில் ஓர் ஓட்டுக் கட்டடத்தில் புதன்கிழமைகளில் தாய்மார் வகுப்பு நடக்கிறது என்று என் கணவர் பள்ளியில் கேள்விப்பட்டு வந்தார். பட்டணத்திலிருந்து வெள்ளைக்கார ஹெல்த் விசிட்டர் ஒருவர் மோட்டார் பஸ்ஸில் வருகிறாராம். வகுப்பை ஒழுங்காக முடித்தவர்களுக்குப் பட்டணத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பாராம். மாமியார் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இதைக் கேட்டார். "வெள்ளக்காரி பாடம் நடத்துனாத்தான் புள்ள பொறக்குமா? நான் ஏழு பெத்தேன், எந்த இஸ்கூலுக்குப் போனேன்?" ஏழில் நான்குதான் தங்கின என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் கணவர் நல்லவர். யாரையும் நோகவைக்கத் தெரியாதவர். "அம்மா சொல்றதையும் கொஞ்சம் கேட்டுக்க, மிஸ் சொல்றதையும் கொஞ்சம் கேட்டுக்க," என்றார். இதை எப்படிச் செய்வது என்று அவர் சொல்லித் தரவில்லை. முதல் புதன்கிழமை நான் போனபோது மாமியார் தடுக்கவில்லை. நான் படியிறங்கும்வரை என் முகத்தைப் பார்க்கவுமில்லை.

வகுப்பில் எல்லோரும் அந்த ஹெல்த் விசிட்டரை மிஸ்ஸம்மா என்றார்கள். உயரமான பெண். வெயிலில் மூக்கு உரிந்திருக்கும். வேலையில் கண்ணானவர், கை சுத்தமானவர், பொறுமையில்லாதவர். அவருடைய தமிழ் சமையல்காரனுக்குக் கட்டளையிடப் போதுமான தமிழ். நான் இங்கிலீஷ் படித்தவள் என்று தெரிந்ததும் என்னைத் தன் நாற்காலிக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். அவர் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். பெண்கள் என் வாயையே பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் அஞ்சலைதான் எழுந்து நின்று, "அந்தம்மா சொல்றது ஒரு பாஷ, இந்தம்மா சொல்றது இன்னோரு பாஷ. நான் சொல்றேன் கேளுங்கடி," என்று நான் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். அன்றுமுதல் மிஸ்ஸின் வார்த்தை என் வழியாக அஞ்சலைக்கும், அஞ்சலை வழியாக மற்றவர்களுக்கும் போனது.

அஞ்சலை பூக்காரி கன்னியம்மாவின் மருமகள். வேலப்பன்சாவடியிலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண், அவளுக்கும் தலைப்பிள்ளை. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே மாதம். ஆமாம் என்பதற்கு நான் 'ஓம்' என்று சொல்லும்போதெல்லாம் சிரிப்பாள். "இன்னா வாத்யாரூட்டம்மா, ஏசு வேதத்துல கீறவங்க நீங்க, ஓம் ஓம்னு மந்திரம் சொல்லிகினு கீறீங்க?" என்பாள். மிஸ் சிறுநீர் கொண்டுவரச் சொல்லிக் கொடுத்த சீசாவைக் கன்னியம்மா எண்ணெய் வாங்க எடுத்துப் போய்விட்ட கதையைச் சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தவள் அவள்தான். இந்த ஊரில் என்னைத் தொட்டுப் பேசியபோது நான் பின்வாங்காத ஒரே ஆளும் அவள்தான்.

மிஸ்ஸிடம் மரத்தாலான குழல் ஒன்று இருந்தது. ஊமத்தம்பூ போல ஒரு பக்கம் விரிந்திருக்கும். அதை வயிற்றில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் உள்ளே பிள்ளையின் இருதயம் அடிப்பது கேட்கும். ஒரு நாள் நல்ல மனநிலையில் இருந்த மிஸ், எங்களையும் கேட்கவிட்டார். அஞ்சலை என் வயிற்றில் காதை வைத்தாள், நான் அவள் வயிற்றில் வைத்தேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு தூரத்தில் எங்கோ கேட்டது, மெல்ல, மிக வேகமாக. "ஜட்கா குதிர ஓடுற மாதிரி கீது," என்றாள் அஞ்சலை. "உன்னுது எங்க ஓடுது? சிலோனுக்கா?" அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. எத்தனையோ மாதங்களுக்குப் பின் வந்த சிரிப்பு.

அதே நாளில்தான் மிஸ் அஞ்சலையின் கணுக்காலைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் குழி நிறையவில்லை. மறுபடி அழுத்தினார். உப்பைக் குறைக்க வேண்டும், இவள் வீட்டில் பெறவே கூடாது, கட்டாயம் பட்டணத்துக்கு வந்துவிட வேண்டும் என்று என்னிடம் சொன்னார். நான் சொன்னேன். அஞ்சலை தலையாட்டினாள். "வகுப்பு முடியட்டும், நீயும் நானும் ஒரே வண்டியில போலாம்," என்றாள்.

பொம்மை கடைசிப் பாடம். சீமையிலிருந்து வந்த செல்லுலாய்டு பொம்மை. பிறந்த பிள்ளையின் அளவு, வெளுத்த உடம்பு, நீலக் கண். நிமிர்த்தினால் கண்ணைத் திறக்கும், படுக்க வைத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். பிள்ளை குளிப்பாட்டும் முறையை இந்தப் பொம்மையை வைத்து ஒவ்வொருத்தியும் மிஸ்ஸின் முன்னால் செய்து காட்ட வேண்டும். காட்டினால்தான் பாடம் முடிந்தது என்று கணக்கு, காட்டினால்தான் சீட்டு. மேசைமேல் தகரத் தொட்டி வைத்து, வெந்நீர் ஊற்றி, மிஸ் பொம்மையை மல்லாக்கப் படுக்க வைத்தார். அது கண்ணை மூடியது. அறையில் ஒருத்தியும் அசையவில்லை.

"வா," என்றார் மிஸ். அஞ்சலையைத்தான் முதலில் அழைத்தார். அவள் தொட்டிக்குக் கிட்டே வந்து, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"குளிப்பாட்டச் சொல்லு," என்றார் மிஸ் என்னிடம்.

"வாத்யாரூட்டம்மா, நீயே சொல்லு அந்தம்மாகிட்ட. அசையாம, அழாம, கண்ண மூடிகினு கீற புள்ளய எப்ப குளிப்பாட்டுவாங்க? வயித்துல ஒண்ண வெச்சிகினு நான் அதச் செய்யணுமா?"

நான் மொழிபெயர்த்தேன். முடிந்த அளவு பக்குவமாகச் சொன்னேன். மிஸ்ஸுக்குச் சிரிப்பு வந்தது. இது பொம்மை, வெறும் பொம்மை என்று மேசையைத் தட்டினார். அஞ்சலைக்கு அது பொம்மை என்று தெரியாதா?  அவள் மூலையிலிருந்த அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே படிந்த கரியை விரலில் எடுத்தாள். பொம்மையின் கன்னத்தில் ஒரு பொட்டு வைத்தாள். தன் தாலிக்கயிற்றோடு முடிந்து வைத்திருந்த கறுப்புக் கயிற்றை அவிழ்த்துப் பொம்மையின் இடுப்பில் கட்டினாள். "உம் பேரு ராசாத்தி," என்று அதன் காதில் சொன்னாள். நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தாள். "இப்ப இது புள்ள. இப்ப குளிப்பாட்டுறேன், பாத்துக்கோங்க." பெண்கள் எல்லோரும் தொட்டியைச் சுற்றி வந்துவிட்டார்கள். என் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு எளிதா என்று இருந்தது.

அந்த நேரத்தில் மிஸ் பொம்மையை அவள் கையிலிருந்து வாங்கி, பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, கன்னத்துப் பொட்டைத் துடைத்தார். கத்தரியால் கயிற்றை வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். கோபத்தோடு செய்யவில்லை. புண்ணைத் துடைப்பது போலக் கவனமாகத்தான் செய்தார். கரி அழுக்கு, கயிறு அழுக்கு, பிள்ளையின் உடம்பில் இவை எதுவும் படக் கூடாது என்று சொல்லச் சொன்னார். சொல்லத் தேவையிருக்கவில்லை. அஞ்சலை குப்பைக் கூடையில் குனிந்து வெட்டிய கயிற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். போனவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, வாசலில் நின்றார்கள்.

மிஸ் என் பக்கம் திரும்பினார். நீ படித்தவள், நீ செய், இவர்கள் பார்க்கட்டும் என்றார். நான் செய்யாவிட்டால் எனக்குக் கட்டில் இல்லை. கட்டில் இல்லாவிட்டால் அந்த உள்ளறை. நான் பொம்மையை எடுத்தேன். மேசையில் நின்றபடி குளிப்பாட்ட வேண்டும் என்பது பாடம். ஆனால் என் உடம்பு தானாகத் தரையில் உட்கார்ந்தது. காலை நீட்டி, இரண்டு கணைக்காலுக்கும் நடுவே அதைக் குப்புறப் போட்டு முதுகில் நீர் வார்த்தேன், அம்மா என் தம்பிக்கு வார்த்ததைப் பார்த்தது போல. மிஸ் "நோ, நோ" என்றார். எனக்குக் கேட்டது, ஆனால் நிறுத்தவில்லை. பிடரியில் வார்த்தேன். காதுக்குப் பின்னால் துடைத்தேன். மல்லாக்கத் திருப்பினேன். அது கண்ணை மூடியது. அஞ்சலை சொன்னது எவ்வளவு உண்மை என்று அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. இப்படி அசையாமல் படுத்திருக்கும் பிள்ளை உலகத்தில் ஒரே வகைதான். என் பையனை எனக்குக் காட்டாமல் எடுத்துப் போனார்கள். இப்போது கையில் இருந்தது. நான் அவசரப்படாமல், விரலிடுக்கு விரலிடுக்காகக் கழுவித் துடைத்து, துண்டில் சுற்றி, முகத்தை மூடாமல் வைத்தேன். மிஸ் எனக்குச் சீட்டு எழுதினார். வாசலில் அஞ்சலை மட்டும் இன்னும் நின்றிருந்தாள். "செஞ்சிட்டியே," என்றாள். திட்டவில்லை. என் வயிற்றைப் பார்த்தாள், தொடவில்லை.

மறுநாள் கன்னியம்மா பூவை எட்ட நின்று நீட்டினாள். அதற்கு மறுநாள் வரவேயில்லை. தயிர்க்காரி பானையைப் படியிலே வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். கிணற்றடியில் எனக்கு முதலில் வாளி கிடைத்தது. மற்றவர்கள் விலகி நின்றதால். எத்தனை நாள் விரும்பிய வேலி, இப்படித்தான் எனக்குக் கிடைத்தது. மாமியார் விஷயத்தைக் கேள்விப்பட்டார். என்னை முழங்காலிட வைத்து நீண்ட ஜெபம் பண்ணினார். ஆமென் சொல்லி எழுந்ததும் அடுப்படியிலிருந்து உப்பும் மிளகாயும் எடுத்து வந்து என் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டார். "இது சும்மா, வாசனைக்கு. ஐயருகிட்ட சொல்லிகினு திரியாத," என்றார். எங்கள் சபைப் போதகரைத்தான் இங்கே ஐயர் என்பார்கள். அம்மாவுக்கு நான் நடந்ததையெல்லாம் எழுதினேன். மிஷன் பள்ளியில் படித்தவர், மூடநம்பிக்கையைக் கண்டால் சிரிப்பவர், அவராவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். 'அதை ஏன் பிள்ளை தொட்டனீ?' என்று பதில் வந்தது. கன்னியம்மாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் கடல் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அஞ்சலைக்கும் ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள் என்று மிஸ்ஸைக் கேட்டேன். அவள் காலை நீங்களே அழுத்திப் பார்த்தீர்கள் என்று நினைவூட்டினேன். ஒருத்திக்கு விதியைத் தளர்த்தினால் எல்லோரும் கேட்பார்கள், அவள் திரும்பி வந்து பாடத்தை முடித்தால் இன்றைக்கே எழுதுகிறேன் என்றார். என் கணவர் கன்னியம்மாவின் மகனைத் தேடிப் போய்ப் பேசினார். "எங்கூட்டுப் பொண்ணு பொணம் கழுவிட்டுத்தான் புள்ள பெக்கணுமா வாத்யாரே?" என்று அவன் கேட்டானாம். இவர் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார். இரண்டு பக்கமும் அவளுடைய நன்மைக்காகத்தான் உறுதியாக நின்றார்கள்.

நாள் நெருங்கியதும் நான் தனியாக ஜட்காவில் போனேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் குளம்புச் சத்தம் கேட்கக் கேட்க அஞ்சலையின் குரல்தான் காதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் சுவர் வெள்ளை, விரிப்பு வெள்ளை, யாருக்கும் யாரையும் தெரியாது. என் மகள் பிறந்ததும் அழுதாள். அழுகை கேட்ட பிறகும் நான் நம்பாமல் நர்ஸிடம் மறுபடி மறுபடி கேட்டேன். கன்னியம்மா சொன்னது போலவே பெண் பிள்ளை. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று ஊருக்குத் திரும்பும் வழியில் நினைத்துக்கொண்டேன்.

மாமியார் வாசலிலேயே பிள்ளையை வாங்கிக்கொண்டார். உள்ளே போன பிறகுதான் சொன்னார். அஞ்சலைக்கு வலி எடுத்ததும் ஜன்னி வந்து கைகால் இழுத்ததாம். அவள் பிழைத்ததே பெரிது. பிள்ளை இல்லை. நான் கேட்காமலே, "பையன்," என்றார். சில நாள் கழித்துக் கிணற்றடியில் கன்னியம்மாவைப் பார்த்தேன். அவள் தண்ணீர் இறைப்பதை நிறுத்தாமல் பேசினாள். "உன் ஊட்டுக்கு வரவேண்டியது. நீ கழுவி உட்டுட்ட. அது எங்கூட்டுக்கு வந்துடுச்சி. நீ வேணும்னு செஞ்சன்னு நான் சொல்லல." இதற்கு இங்கிலீஷிலும் தமிழிலும் என்னிடம் பதில் இருந்தது. கால் வீக்கம், உப்பு, ரத்தம் என்று மிஸ் சொல்லித் தந்த பதில். குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வகுப்புக்குப் புதிய பெண்கள் வந்தார்கள். மொழிபெயர்க்க மிஸ் என்னைத் திரும்ப அழைத்தார். பொம்மையைத் தொட மறுத்தவளுக்கு என்ன ஆயிற்று என்று இவர்களுக்குச் சொல், அப்போதுதான் பயம் வரும் என்றார். நான் அஞ்சலையின் கதையைச் சொன்னேன். விளக்குக் கரியையும், கறுப்புக் கயிற்றையும், ராசாத்தி என்ற பெயரையும், ஸ்பிரிட்டையும் விடாமல் சொன்னேன். இப்போது என் பேச்சை யாரும் திருப்பிச் சொல்லத் தேவையில்லாமல் எல்லோருக்கும் விளங்கியது. ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "ஒரு பொட்டு தானம்மா. அத வெச்சிகினா இன்னா கொறஞ்சிடும்?" அவள் என்ன கேட்கிறாள் என்று மிஸ் கேட்டார். தண்ணீர் எவ்வளவு சூடு இருக்க வேண்டும் என்று கேட்கிறாள் என்றேன்.

அடுத்த புதன்கிழமை நான் முன்னதாகவே போனேன். அலமாரியைத் திறந்து பொம்மையை எடுத்து, அதன் இடது உள்ளங்காலில் மைப்பொட்டு வைத்தேன். பிள்ளைகளுக்கு உள்ளங்காலில் வைப்பதும் இங்கே வழக்கம்தான். மிஸ் முகம் பார்ப்பார், நகம் பார்ப்பார், காதுக்குப் பின்னால் பார்ப்பார். காலின் அடியைத் திருப்பிப் பார்த்ததில்லை. ஒவ்வொருத்தியும் தொட்டிக்கு வந்ததும் முதலில் அந்தக் காலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டாள், பிறகு குளிப்பாட்டினாள். எல்லோருக்கும் சீட்டு கிடைத்தது. மிஸ்ஸுக்கு மிகவும் சந்தோஷம். நீ சொன்ன கதை நன்றாக வேலை செய்திருக்கிறது, பயம்தான் இவர்களுக்கு நல்ல வாத்தியார் என்று என் தோளைத் தட்டினார். வேறு ஊர் வகுப்புகளிலும் இனி அஞ்சலையின் கதையைச் சொல்லப்போகிறாராம்.

கன்னியம்மா எங்கள் தெருவுக்கு வருவதில்லை. கூடையை இப்போது அஞ்சலை சுமக்கிறாள். முன்னைவிட ஒல்லியாகிவிட்டாள். எங்கள் வீட்டைத் தாண்டும்போது குரல் கொடுக்காமல் போவாள். போன வாரம் நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் இருந்தேன். துணிக்கு வெளியே பிள்ளையின் கால் நீட்டிக்கொண்டிருந்தது. அஞ்சலை நின்றாள்.

"கால்லயா வெச்சிகீற?"

"ஓம்."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. "பொம்மைக்கும் அங்கதான் வெக்கிறியாமே. மிஸ்ஸம்மா கண்ணுக்குத் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"எனக்கு அப்பத் தோணல பாரு. மூஞ்சிலதான் வெக்கணும்னு நெனச்சிகினேன்." அவள் கை பிள்ளையின் காலை நோக்கி வந்தது. பாதி வழியில் நின்றது. அந்தக் கையைப் பார்த்துவிட்டு முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "பூ வேணுமா?" என்றாள். ஒரு முழம் கேட்டேன். அளந்து, என் கையில் தராமல் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

என் வயிற்றைத் தொடாதவர் இந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. என் பிள்ளையைத் தெருவார் ஒருவரும் இதுவரை தொடவில்லை. காலையில் குளிப்பாட்டியதும் அவளுடைய இடது உள்ளங்காலில் பொட்டு வைக்கிறேன். மிஸ் வீட்டுக்கு எடை பார்க்க வரும் நாளில் காலைத் துணியால் சுற்றிவிடுகிறேன். போதகர் வந்தாலும் சுற்றுகிறேன். பிள்ளை நடக்கும் முன் கொண்டு வா, முதல் அடியை எங்கள் வளவு மணலில் வைக்கட்டும் என்று அம்மா எழுதியிருக்கிறார். மாமியார் அதே முதல் அடிக்காக முற்றத்தில் கல்லைப் பொறுக்கி, மண்ணைச் சலித்துப் போட்டு வைத்திருக்கிறார். பிள்ளையோ இப்போதுதான் என் மடியில் நிற்கப் பழகுகிறாள். இரண்டு கையையும் பிடித்துத் தூக்கி நிறுத்துவேன். கீழே இறக்கப் போகும்போது, ஏனோ, கால் தரையில் படும் முன் மறுபடி தூக்கிக்கொள்வேன். அந்தப் பொட்டு இன்னும் எந்த மண்ணிலும் தேயவில்லை. சாயங்காலம் பார்த்தால் என் சேலையில்தான் கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருக்கிறது.